தாயத்தை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் செல்போனில் ஆடும் ஆட்டங்களைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்றோர் எல்லோரும் படிக்க வேண்டிய கட்டுரை. ஆனால் நடுவில் வந்த ஒரு கருத்து மூன்று நாளாக மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தாயம் உருட்டுவதும் செல்போனில் காசு கட்டி அதிர்ஷ்டப் பெட்டி திறப்பதும் ஒன்றுதான், இரண்டிலும் ஆடுகிறவர் கையில் எதுவும் இல்லை என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். ஆறு வயதிலிருந்து தாயம் ஆடுகிறவள். இப்போது வயது அறுபத்து நாலு. அந்தக் கருத்து தவறு என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் தாயக்கட்டையைப் பார்ப்போம். பித்தளையில் நீளமாக இரண்டு கட்டை. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம். ஒரு முகம் வெறுமை, மற்ற மூன்றில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டையும் சேர்த்து உருட்டினால் நாலு பெருக்கல் நாலு, மொத்தம் 16 விதமாக விழலாம். இரண்டுமே வெறுமுகமாக விழுந்தால் 12. அதற்கு ஒரே வழி. தாயம், அதாவது 1, விழ இரண்டு வழி. 2 விழ மூன்று வழி, 3 விழ நாலு வழி, 4 விழ மூன்று வழி, 5 விழ இரண்டு வழி, 6 விழ ஒரே வழி. கூட்டிப் பாருங்கள், 16 சரியாக வரும்.

தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதை ஒரு நிமிடம் யோசித்தால் ஒரு விஷயம் பிடிபடும். நீங்கள் எத்தனை தடவை தொடர்ந்து உருட்டினாலும் உங்கள் முறை கடைசியில் 2, 3, 4 இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கும். அந்த மூன்றுக்கும் சேர்த்துப் பத்து வழி. அதில் நாலு வழி 3-க்கு. ஆக, ஒருவர் முறை வந்தால் அதில் ஒரு 3 இருப்பதற்கு வாய்ப்பு பத்துக்கு நாலு. ஒரு 6 இருப்பதற்கோ பதினொன்றுக்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கை நான் காகிதத்தில் போட்டது ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகு. ஆனால் என் அப்பாயிக்கு அது முன்பே தெரியும். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். திண்ணையில் சிமெண்ட் காய்வதற்குள் ஆணியால் கீறிவைத்த தாயக்கட்டம் இருந்தது. மத்தியானச் சமையல் முடிந்ததும் அங்கே வந்து உட்காருவார். "மூணுக்கு முன்னால போயி நிக்காதடி, வெட்டு வாங்குவே. நிக்கத்தான் வேணும்னா ஆறுக்கு முன்னால நில்லு" என்பார். அதாவது எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் உன் காயை விடாதே, ஆறு கட்டம் முன்னால் விடு. தாயமும் ஐந்தும் சேர்ந்து ஆறு ஆவது போன்ற வழிகளையும் கூட்டிப் பார்த்தேன். அப்போதும் ஆறு கட்டத்தில் நிற்கும் காய் வெட்டுப்படுவது ஏழுக்கு ஒன்றைத் தாண்டவில்லை. மூன்று கட்டத்தில் நிற்கும் காய்க்கோ கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி ஆபத்து. கட்டை எப்படி விழும் என்பது அப்பாயி கையில் இல்லை. விழுந்தால் தன் காய் எங்கே நிற்க வேண்டும் என்பது முழுக்க அவர் கையில் இருந்தது.

போன வாரம் நடந்த ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்திருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டுப் பத்துக்குப் போகிறான். அவனுக்கு 5 விழுந்தது, மறுபடி உருட்டி 3 விழுந்தது. கையில் இரண்டு எண். அவனுடைய ஒரு காய் மலைக்கு எட்டுக் கட்டம் பின்னால் தவித்துக்கொண்டிருந்தது (பெருக்கல் குறி போட்ட கட்டத்தை நாங்கள் மலை என்போம், அங்கே யாரும் வெட்ட முடியாது). அதற்குச் சரியாக மூன்று கட்டம் பின்னால் என் காய். பார்த்தவுடன் ஐந்தையும் மூன்றையும் சேர்த்து அந்தக் காயை மலையேற்றப் போனான். காயில் விரலை வைத்தவன் அப்படியே நின்றான். அவனுடைய இன்னொரு காய்க்கு ஐந்து கட்டம் முன்னால் என் வேறொரு காய் வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டான்.

அவசரப்படுத்தாமல் இருந்தேன். கட்டத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், விரல் விட்டு எண்ணினான். அப்புறம் ஐந்தை எடுத்து என் காயை வெட்டினான். மிச்சமிருந்த மூன்றை அந்தத் தவிக்கும் காய்க்குப் போட்டான். அது என் காய்க்கு மூன்று கட்டம் முன்னாலிருந்து ஆறு கட்டம் முன்னால் போய் நின்றது. "இப்ப உங்களுக்கு ஆறு விழணும் அம்மாச்சி" என்றான். வெட்டியதற்குக் கிடைத்த கூடுதல் உருட்டலில் அவனுக்கு 2 விழுந்தது. அதை வேறு காய்க்குப் போட்டுவிட்டுக் கட்டையை என்னிடம் தந்தான். எனக்கு விழுந்தது 4.

அந்தப் பத்து விநாடியில் அந்தப் பிள்ளை செய்தது என்ன? விழுந்த எண்ணை மாற்றவில்லை. விழுந்த எண்ணை எந்தக் காய்க்கு எப்படிப் பங்கிடுவது என்று முடிவு செய்தான். அடுத்து விழப்போகும் எண்ணுக்கு நான் எவ்வளவு ஏங்க வேண்டும் என்பதையும் அவனே முடிவு செய்தான். பாதிக்குப் பாதியாக இருந்த என் வாய்ப்பை ஏழுக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டான். 'ஆடுகிறவர் கையில் எதுவும் இல்லை' என்று இதைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

நளன் கதையிலும் இதுதானே நடக்கிறது. சூதில் நாட்டை இழந்த நளன், தேரோட்டியாகப் போன இடத்தில் இருதுபன்னன் என்ற அரசனிடமிருந்து எண்ணும் வித்தையைக் கற்றுக்கொள்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இலையும் காயும் எத்தனை என்று அந்த அரசன் சொல்ல, நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். அந்தக் காலத்தில் தான்றிக் கொட்டையைத்தான் சூதாடப் பயன்படுத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதையின் நுட்பம் புரியும். எண்ணத் தெரிந்தபின் அவன் தோற்கவில்லை. இந்தக் கதையைத் திண்ணையில் கேட்டபோது நாட்டைப் பறித்த புட்கரனை நளன் தோற்கடித்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. டீச்சரான பிறகு அந்தத் தான்றி மரம்தான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, இப்போது செல்போனுக்கு வருகிறேன். ஏனென்றால் கட்டுரையாளர் கவலைப்பட்டது என் வீட்டிலும் நடந்தது.

அதே பேரன்தான். ஏப்ரல் மாதத்தில் இரண்டு வாரத்துக்குள் அவன் அம்மாவின் கணக்கிலிருந்து 3,400 ரூபாய் போயிருந்தது. இருபதும் ஐம்பதும் நூறுமாகப் போனதால் மகள் கவனிக்கவில்லை. ஒரு விளையாட்டில் பெட்டி திறக்கிறான். பெட்டிக்குள் ஒரு வீரன் வரலாம், வராமலும் போகலாம். அவனுக்கு வேண்டிய வீரன் வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. மகள் போனைப் பிடுங்கிவிட்டுத் திட்டினாள். நான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எனக்கு ஆடிக் காட்டு" என்றேன்.

காட்டினான். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை எத்தனை பெட்டி திறந்திருக்கிறாய் என்ற கணக்கு அது. 89 பெட்டி திறந்தும் வராவிட்டால் தொண்ணூறாவதில் கட்டாயம் ஒரு பெரிய வீரன் வரும் என்பது விதி. அவன் நின்றது 78-இல். "இன்னும் பன்னிரண்டுதான் அம்மாச்சி. இப்ப விட்டா எழுபத்தெட்டும் வீணாயிடும்" என்றான். சொல்லும்போது குரல் கம்மியது. ஒரு பிள்ளை விளையாட்டைப் பற்றிப் பேசுகிற குரலாக அது இல்லை. கடன்காரன் குரல் மாதிரி இருந்தது. அவன் ஏற்கெனவே ஒரு தடவை தொண்ணூறு வரை போயிருக்கிறான். கட்டாயமாக வந்தது பெரிய வீரன்தான், ஆனால் அவன் கேட்ட வீரன் இல்லை. அந்தத் தொண்ணூறாவதிலும் பாதிக்குப் பாதிதான் என்ற விதி அவனுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

உத்தரவாதம் கொடுக்கும் விதியே தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் அப்பாயியே அப்படி ஒரு விதி வைத்திருந்தார். தாயம் விழுந்தால்தான் முதல் காயை இறக்க முடியும். அதுவரை ஆளுக்கு ஒரே உருட்டல், வேறு எண் விழுந்தால் செல்லாது. தாயம் விழுவது எட்டுக்கு ஒன்று. 'அப்படியானால் எட்டுத் தடவை உருட்டினால் ஒரு தாயம் வந்தே தீரும்' என்று என் வகுப்பில் வருடா வருடம் யாராவது சொல்வார்கள். அப்படி இல்லை. எட்டு உருட்டலிலும் தாயமே விழாமல் போவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 34. மூன்று பிள்ளைகளில் ஒன்று மற்றவர்கள் ஆடுவதை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நானும் அப்படி உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நாலாவது சுற்றிலிருந்து ஐந்து விழுந்தாலும் காயை இறக்கலாம் என்று அப்பாயி விட்டுக்கொடுத்தார். எட்டுக்கு ஒன்றாக இருந்தது நாலுக்கு ஒன்றாக ஆகிவிடும். பிள்ளையும் ஆட்டத்துக்குள் வந்துவிடும்.

அதே ஏற்பாடுதான் செல்போனிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அந்த நாலாவது சுற்று வரை காத்திருக்க ஒவ்வொரு சுற்றுக்கும் காசு. அப்பாயியின் விதி ஆட்டத்துக்கு வெளியே நின்ற பிள்ளையை உள்ளே கூப்பிட்டது. இந்த விதி போகலாம் என்று எழுந்த பிள்ளையைச் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கிறது. அதோடு, பெட்டியைத் திறப்பதைத் தவிர அவன் செய்வதற்கு அங்கே வேறு எதுவுமே இல்லை. எந்த எண்ணை எந்தக் காய்க்குப் போடுவது என்ற கேள்வியே வருவதில்லை. அதிர்ஷ்டத்தைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்ப அவனுக்குத் திறந்திருந்த ஒரே வழி இன்னும் பணம் போடுவது.

நூற்றுக்கு ஒன்று என்பதன் அர்த்தத்தை அவனுக்குத் தாயத்தை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். எட்டுக்கு ஒன்றை எட்டுத் தடவை முயன்றால் நூறு பேரில் 34 பேர் வெறுங்கை. நூற்றுக்கு ஒன்றை நூறு தடவை முயன்றால்? உத்தரவாதம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு 0.99-ஐ நூறு தடவை பெருக்கச் சொன்னேன். 37 பேர் வெறுங்கை என்று வந்தது. நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினான். எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாய்ப்பைச் சொல்லும் பக்கம் அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கத்தான் செய்கிறது. நானும் அவனுமாகத் தேடிக் கண்டுபிடித்தோம். ஒரு கேள்விக்குறியை அமுக்கி, இன்னொரு பக்கம் போய், கீழே இழுத்து, அங்கே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. காசு கட்டும் பொத்தான் மட்டும் திரையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

வெளிப்படையாகச் சொல்ல முடியாத விஷயம் ஒன்றும் இல்லை இது. 2020-இல் வெளிவந்து உலகம் முழுக்க ஆடப்படும் ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டு, உயர்ந்த ரக வீரன் வர 0.6 சதவீதம், தொண்ணூறாவதில் கட்டாயம் என்று எண்களை எழுதியே வைத்திருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2017-ஆம் வருடக் கடைசியிலேயே, இப்படிப் பெட்டி விற்கும் விளையாட்டுகள் வாங்குவதற்கு முன்பே வாய்ப்பைத் தெரிவிக்க வேண்டும் என்று தன் கடைக்கு விதி போட்டது. சீனாவில் அதே வருடம் மே மாதத்திலிருந்து அதைக் கட்டாயமாக்கினார்கள். ஜப்பானில் 2012-இல், பல துண்டுகளைச் சேர்த்தால்தான் பரிசு என்ற வகைப் பெட்டிகளுக்கே தடை வந்தது.

கொரியாவில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே மேப்பிள்ஸ்டோரி என்று ஒரு பழைய விளையாட்டு. அதில் காசு கொடுத்து கியூப் என்ற பொருளை வாங்கினால், தன் ஆயுதத்தின் சக்திகளைக் குலுக்கி மாற்றிப் பார்க்கலாம். ஆடுகிறவர் தன் அதிர்ஷ்டத்தைத் தானே திருத்திக்கொள்ளக் கொடுத்த வழி. ஜனம் வருடக்கணக்கில் வாங்கிக் குலுக்கியது. பின்னால் பார்த்தால், எல்லோரும் ஆசைப்பட்ட சில சேர்க்கைகள் வருவதற்கான வாய்ப்பை நிறுவனம் சொல்லாமல் குறைத்திருக்கிறது. சிலவற்றுக்கு வாய்ப்பு சுழியம். எத்தனை வாங்கினாலும் வரவே வராது. 2024 ஜனவரியில் அந்த நாட்டு நியாய வர்த்தக ஆணையம் நெக்ஸான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. அதே வருடம் மார்ச்சில், வாய்ப்புகளை வெளியிடுவதைக் கட்டாயமாக்கும் சட்டமும் அங்கே நடைமுறைக்கு வந்தது.

இதைப் படித்தபோது கட்டையின் ஞாபகம்தான் வந்தது. தாயக்கட்டையில் ஒரு முகத்தை யாராலும் மறைக்க முடியாது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் நாலு முகமும் தெரியும். ஓரம் தேய்ந்த கட்டையாக இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே, "இதுல மூணாத்தான் விழுது, வேற எடு" என்று சண்டை வந்துவிடும். உருட்டாமல் நைசாகச் சறுக்கிவிட்டால், "உருளலை, மறுபடி போடு" என்று நாலு குரல் கேட்கும். புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து ஆடும் ஆட்டத்தை ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு பாடத்துக்காக வைத்திருக்கிறேன். ஒரு பெண் அதிகமாகத் தேய்த்துவிட்டாள். அவள் கொட்டை பாதிக்குப் பாதி விழாமல் ஒரே பக்கமாக விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவள் பத்தாவது எறிதலிலேயே கண்டுபிடித்து, கொட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செல்போன் பெட்டியை எந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது?

நம் நாட்டிலும் சட்டம் வந்திருக்கிறது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டிலும் அதற்கு முன்பே இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் போட்டோம். ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் 1960-களிலிருந்து பேசிக்கொண்டிருக்கின்றன. இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டங்களின் கண் இருப்பது பணத்தை ஜெயிக்கும் ஆட்டத்தின் மேல். என் பேரன் பணம் எதுவும் ஜெயிக்கப் பார்க்கவில்லை. அவன் கேட்டது ஒரு பொம்மை வீரன். அவன் அம்மாவின் கணக்கிலிருந்து போன 3,400 ரூபாய் மட்டும் நிஜம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஆடும் எந்த விளையாட்டிலும் காசு கட்டும் பொத்தானுக்கு நேர் மேலே, அதே அளவு எழுத்தில், தமிழில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: கேட்டது கிடைக்க வாய்ப்பு எவ்வளவு, கட்டாயம் கிடைப்பது எத்தனையாவது தடவையில், அதுவரை போக ரூபாயில் மொத்தம் எவ்வளவு ஆகும். மூன்றாவதை எந்த விளையாட்டிலும் நான் பார்க்கவில்லை. பெட்டிக்கு இத்தனை வைரம், வைரத்துக்கு இத்தனை ரூபாய் என்று இரண்டு மடிப்பு மடித்து வைத்தால் பதினைந்து வயதுப் பிள்ளை எப்படிப் பெருக்கிப் பார்க்கும்? இதை அரசு கேட்டு வாங்க வேண்டும். உங்கள் மாதிரிப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதினால் கேட்பார்கள்.

பேரனிடம் போனை நாங்கள் ஒரேயடியாகப் பிடுங்கிவைக்கவில்லை. பணம் கட்டும் வழியை மட்டும் அடைத்தோம். எழுபத்தெட்டு அப்படியே நிற்கிறது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், மூன்றாம் நாள் அவனே திண்ணைக்கு வந்தான். இப்போது ஆட்டத்துக்கு நடுவில், "ரெண்டு காய்க்கும் நடுவுல நின்னா எது பாதுகாப்பு?" என்று எனக்குக்கூட உடனே பதில் தெரியாத கேள்வியெல்லாம் கேட்கிறான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் ஒரு வாரம் தாயக்கட்டத்தை வரைந்து, பக்கத்தில் அந்த 16 வழிகளையும் கட்டம் போட்டு அச்சிடுங்கள். வெட்டி ஒட்டினால் நாலு பேர் ஆடலாம். பேரன் எழுதிய நாள்காட்டித் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கூட்டல் சரிபார்த்துவிட்டேன். கடிதம் நீளமாகிவிட்டது, இடம் போதாவிட்டால் என் கதையை வெட்டிவிடுங்கள், அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மன்னார்குடி